இரண்டாவது பூட்டுப் போட்டவர்களே, திறப்பை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

கடவுச்சொல்லோடு நிற்காமல் இரண்டாவது பூட்டையும் போடு, அதாவது கடவுச்சொல்லுக்குப் பிறகு போனில் வருகிற கோட் ஒன்றையும் கேட்கும்படி வை என்று சொல்லாத ஆள் இப்போது இல்லை. பள்ளிக்கூடத்தில் சொல்கிறார்கள், விழிப்புணர்வுக் கருத்தரங்கில் சொல்கிறார்கள், பேஸ்புக்கே திரையில் வந்து சொல்கிறது. நல்லது, நானும் அதைத்தான் சொல்லுவேன். ஆனால் போன் தொலைந்தால், தண்ணீருக்குள் விழுந்தால், கடையில் கொடுத்து மாற்றினால் அந்தப் பூட்டை எப்படித் திறப்பது என்று ஒருவரும் சொல்லித் தருவதில்லை. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் என் காதுக்கு வருகிற 'கணக்குப் போய்விட்டது' என்ற கதைகளில் கனக்க, கள்ளன் வந்து எடுத்த கதை இல்லை. சொந்தக்காரரே உள்ளே போக முடியாமல் வெளியே நிற்கிற கதை.

முள்ளியவளைப் பக்கம் ஒரு தங்கச்சி சாரி பிளவுஸ் தைத்து, ஒரு சமூக வலைத்தளத்தில் பக்கம் வைத்து ஓடர் எடுக்கிறவர். கருத்தரங்கு ஒன்றில் சொன்னதைக் கேட்டு, கோட் தருகிற ஓதென்டிகேட்டர் ஆப்பைப் போட்டு எல்லாம் ஒழுங்காகச் செய்திருந்தார். பிறகு பழைய போனைக் கடையில் கொடுத்து, மேலே காசு போட்டுப் புதுப் போன் எடுத்தார். படங்கள், தொலைபேசி இலக்கங்கள், வட்ஸ்அப் எல்லாவற்றையும் கடைத் தம்பி மாற்றிக் கொடுத்துவிட்டு, பழையதை அங்கேயே ரீசெட் பண்ணிவிட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால் கடவுச்சொல் சரி, அடுத்து ஆறு இலக்கம் கேட்கிறது. புதுப் போனில் ஆப்பைத் திறந்தால் ஒன்றுமே இல்லை, மூலையில் ஒரு கூட்டல் குறி மட்டும். அடையாள அட்டையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னது, அனுப்பினார். அட்டையில் தகப்பன் பெயர் முன்னுக்கு. பக்கத்தை நடத்திய கணக்கில் வீட்டில் கூப்பிடுகிற பெயர். ஒத்துவரவில்லை. ஓடர்கள், வாடிக்கையாளர்கள் அனுப்பிய அளவுகள், பாதிக் காசு கட்டியவர்களின் மெசேஜ்கள் எல்லாம் உள்ளே கிடக்கின்றன. "நான்தான் ஏதோ பிழை விட்டுட்டன்" என்று அவர் இன்னும் நினைக்கிறார். அவர் ஒரு பிழையும் விடவில்லை. சொல்லிக் கொடுத்தவர்கள் பாதியில் நிறுத்தியதுதான் பிழை.

இந்த ஆப் எப்படி வேலை செய்கிறது என்று விளங்கினால் பாதிப் பயம் போய்விடும். முதல்முறை ஒரு கியூஆர் சதுரத்தை ஸ்கேன் பண்ணுகிறோமே, அதற்குள் இருப்பது ஒரு இரகசியத் திறப்பு. ஆங்கில எழுத்தும் இலக்கமும் கலந்த நீளமான ஒரு வரிசை. அந்தத் திறப்பையும் அந்த நேரத்து மணியையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் ஆப் 30 செக்கனுக்கு ஒருக்கா ஆறு இலக்கம் தருகிறது. அந்தப் பக்கம் சேர்வரும் அதே கணக்கைப் போட்டு, இரண்டும் ஒத்துவருகிறதா என்று பார்க்கிறது. 2011இல் வெளியான பொதுத் தரம் இது; எந்த நிறுவனத்தின் ஆப் என்றாலும் பெரும்பாலும் இதே கணக்குத்தான். டேட்டா வேண்டாம், சிக்னல் வேண்டாம். போனில் நேரம் சரியாக இருந்தால் போதும். (நேரத்தைக் கையால் மாற்றி வைத்திருப்பவர்களுக்குக் கோட் பிழைக்கிற காரணமும் இதுதான். தானாக நேரம் எடுக்கும்படி விட்டுவிடுங்கள்.)

ஆக, திறப்பு கையில் இருந்தால் எந்தப் போனிலும் அதே ஆறு இலக்கம் வரும். திறப்பு ஒரே ஒரு போனில் மட்டும் இருந்தால், போனோடு அதுவும் போகும். நிறுவனத்திடம் ஒரு பிரதி இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அதை எடுத்துத் தரமாட்டார்கள். கேட்டவருக்கெல்லாம் தந்தால் பூட்டுக்கு அர்த்தமில்லை.

எஸ்எம்எஸ்ஸில் கோட் வருமே, சிம் இருந்தால் போதாதா என்று கேட்பார்கள். ஒரு பூட்டும் இல்லாததைவிட அது நல்லது, சரி. ஆனால் வன்னியில் அதையே நம்பி இருக்க முடியாது. இங்கே எத்தனை பேரின் சிம் அவரவர் பெயரில் இருக்கிறது? அப்பாவின் அடையாள அட்டைக்கு எடுத்தது, அண்ணா வெளிநாடு போகமுன் விட்டுப்போனது, மாமா முந்தி பாவித்தது என்று வீட்டுக்கு வீடு ஒரு கதை இருக்கிறது. சிம் தொலைந்தால் பெயருக்குரியவர் அட்டையோடு நேரில் வரவேண்டும் என்பார்கள். அவர் கட்டாரில் நிற்பார், அல்லது உயிரோடேயே இருக்கமாட்டார். வேலைக்குப் போகிற பெடியங்கள் இங்கத்தைய சிம்மை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டுப் போகிறார்கள். ரீலோட் போட ஆளில்லாமல் அது செத்துப்போகிறது. செத்த இலக்கம் பிறகு வேறொருவர் கைக்குப் போகலாம். அப்போது உங்கள் கோட் அவருக்குத்தான் போகும். அதற்கு மேல், இன்னொருவரின் இலக்கத்துக்கு ஏமாற்றிப் புதுச் சிம் எடுத்துக் கோட்டைக் களவெடுக்கிற வேலையும் உலகம் முழுக்க நடக்கிறது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு எங்கள் மண்ணே காரணம். 2008இலும் 2009இலும் ஊர் ஊராக இடம்பெயர்ந்த சனம் சட்டிபானையை விட்டது, மாட்டை விட்டது, ஒரு பையை மட்டும் விடவில்லை. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பிள்ளைகளின் பள்ளிக்கூட ரிப்போட் எல்லாம் அதற்குள் இருந்தன. அந்தப் பையும் கனபேருக்கு மிஞ்சவில்லை. முகாமிலிருந்து வந்த பிறகு நடமாடும் சேவைகளில் வரிசையில் நின்று பத்திரங்களை மறுபடி எடுத்தார்கள். பதிவகத்தில் ஒரு பதிவு இருந்தவர்களுக்கு அது சரிவந்தது. படங்களுக்கு அப்படி ஒரு பதிவகம் இல்லை. அல்பம் போனது போனதுதான்.

இன்று இங்கே பல வீடுகளில் இல்லாமல் போனவர்களின் முகத்தைப் பார்க்க முடிகிறது என்றால், முந்தி கனடாவுக்கோ லண்டனுக்கோ தபாலில் அனுப்பிய கலியாணப் படத்தையும் பூப்புனித நீராட்டுவிழாப் படத்தையும் அங்குள்ள சொந்தக்காரர் போனால் படமெடுத்துத் திருப்பி அனுப்பியதால்தான். வீட்டுச் சுவரில் பெரிதாக்கித் தொங்குகிற அப்பாவின் முகம், யாரோ ஒருவரின் கலியாணக் கூட்டத்துக்குள்ளிருந்து வெட்டி எடுத்த முகமாக இருக்கும். உற்றுப் பார்த்தால் தோளில் பக்கத்தில் நின்றவரின் கை தெரியும். அந்த மூலப் படம் இப்போது எங்கே இருக்கிறது? ஒரு போனில், இல்லாவிட்டால் கூகிள் போட்டோஸில். அதாவது ஒரு ஜிமெயில் கணக்குக்குள். இரண்டு வருடம் பாவிக்காமல் கிடக்கிற தனிநபர் கணக்கை அழிக்கலாம் என்று கூகிள் விதி கொண்டுவந்து, 2023 டிசம்பரிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. கோட் இல்லாமல் எந்த இடத்திலும் உள்ளே போக முடியாமல் நிற்கிறவரின் கணக்கும் பாவிக்காத கணக்குத்தான். ஒருமுறை எல்லாவற்றையும் இழந்து, கண்டம் கண்டமாகத் தேடிச் சேர்த்த படங்களை ஆறு இலக்கத்துக்காக இன்னொருமுறை இழக்க நாங்கள் விடலாமா?

அதனால் நான் கடதாசிக் கட்சி. போன் கையில் இல்லாத நாளில் ஆறு இலக்கத்துக்குப் பதிலாக அடிக்க, கூகிள் பத்துப் பேக்கப் கோட் தரும், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம். ஒரு கோட் ஒருமுறைதான் வேலை செய்யும். புதிதாகப் பத்து எடுத்தால் பழையவை எல்லாம் செல்லாது. பேஸ்புக்கிலும் இதே மாதிரி உண்டு. பிரச்சினை என்னவென்றால், முக்கால்வாசிப் பேர் அதை ஸ்கிரீன்ஷொட் எடுத்து அதே போனில் வைக்கிறார்கள். அந்தப் படம் போய்ச் சேருவது கூகிள் போட்டோஸுக்கு. கூகிளுக்குள் போவதற்கான கோட் கூகிளுக்குள்ளேயே கிடந்து என்ன பிரயோசனம்?

கையால் எழுதுங்கள். கொமினிகேஷனில் கொடுத்துப் பிரின்ட் எடுக்க வேண்டாம். பிரின்டுக்கென்று கடையின் வட்ஸ்அப்புக்கு அனுப்பியது அந்தக் கடைக் கொம்பியூட்டரில் அப்படியே இருக்கும். போட்டோகொப்பியும் லமினேட்டும் கூட இந்த ஒரு கடதாசிக்கு வேண்டாம். ஜெல் பேனை ஈரம் பட்டால் ஊறிப்போகும், போல்பொயின்ட் பேனையால் எழுதுங்கள். எழுதியதை மூடுகிற பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, கறையான் ஏறாத தகரப் பெட்டியில், உயரத்தில் வையுங்கள். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்த நாட்களில் தண்ணீர் எந்த மட்டத்துக்கு வந்தது என்று உங்கள் வீட்டுச் சுவரைக் கேட்டால் தெரியும்.

ஆப்பின் இரகசியத் திறப்பையும் எழுதலாம். கியூஆர் சதுரத்துக்குக் கீழே, ஸ்கேன் பண்ண முடியவில்லையா என்கிற மாதிரி ஒரு சின்ன வரி இருக்கும். அதை அழுத்தினால் திறப்பு எழுத்தாக வரும். கூகிளில் நாலு நாலாகப் பிரித்துக் காட்டும். எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள்: இந்தத் திறப்புகளில் வருவது ஆங்கில எழுத்துகளும் 2 முதல் 7 வரையான இலக்கங்களும் மட்டும்தான். 0, 1, 8, 9 வராது. சைபர் மாதிரித் தெரிவது 'ஓ' என்ற எழுத்து, ஒன்று மாதிரித் தெரிவது 'ஐ' அல்லது 'எல்'. இது தெரியாமல் எழுதிவிட்டு, தேவைப்பட்ட நாளில் கடதாசியை வைத்துக்கொண்டு முழிக்கக் கூடாது. எழுதி முடிந்ததும், வீட்டில் இருக்கிற இன்னொரு போனில் அதைக் கையால் அடித்துப் பாருங்கள். இரண்டு போனிலும் ஒரே ஆறு இலக்கம் ஓடினால் சரி.

கடதாசியில் கடவுச்சொல்லை எழுதாதீர்கள். கடவுச்சொல் இல்லாமல் அந்தக் கோட்டை மட்டும் கண்டெடுத்தவர் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. இன்னொரு பிரதியை வேறொரு வீட்டில், நம்பிக்கையான அக்காவிடமோ சித்தியிடமோ கொடுத்து வையுங்கள். வெளிநாட்டில் இருப்பவரிடம் கொடுக்க வேண்டுமென்றால் படமெடுத்து அனுப்பாமல், கோலில் வாசித்துச் சொல்லி அவரைக் கடதாசியில் எழுத வையுங்கள்.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். லீவில் வந்து அம்மாவுக்கு நல்ல போன் வாங்கிக் கொடுத்து, ஈமெயில் திறந்து, கோட் தங்கள் போனுக்கு வருகிற மாதிரிப் போட்டுவிட்டுப் போகிறீர்கள். பாசத்தில் செய்வதுதான். ஆனால் இங்கே காலை 9 மணி என்றால் டொரொண்டோவில் முந்திய நாள் இரவு பதினொரு மணி அளவு. அம்மா பிரதேச செயலகத்தில் வரிசையில் நின்றுகொண்டு, படிவத்தை அனுப்ப ஈமெயிலைத் திறக்க உங்களுக்குக் கோல் எடுப்பார், நீங்கள் படுத்திருப்பீர்கள். அடுத்தமுறை வரும்போது அம்மாவின் கொப்பியில் அந்தப் பத்துக் கோட்டையும் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

திறப்பின் பிரதியை இணையத்தில் சேமித்து வைக்கிற, கிளவுட் பேக்கப் இருக்கிற ஆப்புகள் உண்டு. கூகிளின் ஆப்பில் 2023 ஏப்ரலில் அந்த வசதி வந்தது. ஏஜிஸ், என்டே போன்றவை பேக்கப்பைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டிச் சேமிக்கின்றன. பாவியுங்கள், நல்லவைதான். ஆனால் எந்தக் கிளவுடாக இருந்தாலும் அதற்குள் போகவும் ஒரு வழி வேண்டும். அந்த முதல் வழி கடதாசியில் இருக்கட்டும்.

அறிவியல்நகரிலும் பம்பைமடுவிலும் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகளே, ஊர்களில் பயிற்சி நடத்துகிற ரீச்சர்மாரே, சேர்மாரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இரண்டாவது பூட்டைப் போடக் கற்பித்தால் பேனையும் கடதாசியும் கொடுத்து, ஒவ்வொருவரும் கோட்டை எழுதி மடித்துப் பைக்குள் வைத்த பிறகு வகுப்பை முடியுங்கள். அரை மணித்தியாலம் கூடப் போகும், போகட்டும்.

இப்போது போன் தொலைந்து நிற்கிறவர்கள் முதலில் வேறெங்காவது, வீட்டு லப்டொப்பிலோ தம்பியின் டப்பிலோ, கணக்குத் திறந்தபடி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எக்காரணம் கொண்டும் லொக்அவுட் பண்ண வேண்டாம். அங்கிருந்தே புதுப் பேக்கப் கோட் எடுக்க முடியுமா என்று பாருங்கள். கிளிநொச்சி, பரந்தன், விசுவமடுப் பக்கம் இருப்பவர்களுக்கு நேரில் உதவி வேண்டுமென்றால் உள்பெட்டியில் எழுதுங்கள். கோட்டை மட்டும் எனக்கும் அனுப்ப வேண்டாம். போனையும் ஒரு கொப்பியையும் கொண்டு வாருங்கள், பக்கத்தில் இருந்து சொல்லித் தருகிறேன், நீங்களே எழுதுங்கள்.