ஹாஜி துருக்கிக்கு ஓய்வெடுக்கப் போகவில்லை

"பார்சிலோனாவோடு ருமேனியக் கால்பந்து வீரர் கியோர்கே ஹாஜியின் கதை முடிந்தது, துருக்கிக்குப் போனது கடைசிக்காலச் சம்பளத்துக்கு" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். ரியல் மாட்ரிட், பார்சிலோனா இரண்டிலும் அவர் எதிர்பார்த்த அளவு சோபிக்கவில்லை, சரி. ஆனால் 1996இல், 31 வயதில், துருக்கியின் கலாடசராய் கிளப்புக்குப் போன பிறகு வரிசையாக நான்கு லீக் பட்டங்கள். அப்புறம் 2000இல் ஐரோப்பிய கிளப்களுக்கான யூஈஎஃப்ஏ கோப்பை. கோபன்ஹேகனில் இங்கிலாந்தின் ஆர்சனலுக்கு எதிரான அந்த இறுதிப்போட்டியின் கூடுதல் நேரத்தில், ஆர்சனல் கேப்டன் டோனி ஆடம்ஸை அடித்துச் சிவப்பு அட்டை வாங்கினார் (மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம்). மிச்சம் பத்துப் பேர் தாக்குப்பிடித்து, பெனால்டியில் 4-1 என்று ஜெயித்தார்கள். துருக்கி கிளப் ஒன்று வென்ற முதல் பெரிய ஐரோப்பியக் கோப்பை அதுதான். இதையா ஓய்வுக்காலம் என்கிறீர்கள்?