ஓய்வு பெற்ற பிறகும் மிதந்துகொண்டிருக்கிறது

அணுசக்தியில் ஓடும் தாக்குதல் நீர்மூழ்கிக் கப்பலின் ஆயுள் எவ்வளவு என்று கேட்டால் எல்லோரும் எரிபொருள் கணக்கைத்தான் சொல்கிறார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா வகைக் கப்பலில் ஒருமுறை வைத்த எரிபொருள் 33 வருஷம் வரும். சரி. ஆனால் அணு உலை தாங்கினால் போதுமா? ஒவ்வொரு முறை ஆழத்துக்கு இறங்கும்போதும் கடல் அந்த எஃகு உடலை நெருக்கும், மேலே வந்தால் விடும். பல வருஷம் இப்படி நெருக்கி நெருக்கி விட்டால் எஃகும் களைத்துப்போகும்.

என் பிரச்சினை அதுவும் இல்லை. கொடியை இறக்கி ஓய்வு கொடுத்த நாளோடு ஆயுள் கணக்கை முடித்துவிடுகிறார்களே, அதுதான்.

பிரிட்டனின் முதல் அணுசக்தி நீர்மூழ்கி ட்ரெட்நாட். இங்கிலாந்தின் பாரோ நகரத்தில் கட்டி, 1960இல் ராணி எலிசபெத் கையால் கடலில் இறக்கினார்கள். 1963இல் பணியில் சேர்ந்தது, 1971இல் வட துருவத்தில் பனியைப் பிளந்துகொண்டு மேலே வந்தது. 1980இல் ஓய்வு. வேலை பார்த்தது 17 வருஷம். அதன்பின் 40 வருஷத்துக்கும் மேலாக ஸ்காட்லாந்தின் ரோசைத் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கிறது. எரிபொருளை எடுத்தாயிற்று. ஆனால் கதிரியக்கம் ஏறிய உலைப் பகுதியைப் பழைய இரும்புக்குப் போட முடியாதே!

இது மட்டுமல்ல. 1980 முதல் பிரிட்டன் ஓய்வு கொடுத்த 20 அணுசக்தி நீர்மூழ்கிகளில் ஒன்றைக்கூட முழுதாக அப்புறப்படுத்தவில்லை, ஒன்பதில் இன்னும் எரிபொருளே இருக்கிறது என்று 2019இல் அந்நாட்டுத் தணிக்கை அலுவலகமே எழுதியது. சும்மா நிறுத்திவைத்துப் பராமரித்த செலவு மட்டும் சுமார் 50 கோடி பவுண்டு. அதன் பிறகுதான் ஸ்விஃப்ட்ஷர் என்ற கப்பலைப் பிரித்தெடுக்கும் வேலையே சூடு பிடித்தது.

அமெரிக்கா இதில் பரவாயில்லை. பிரெமர்டன் கடற்படைத் தளத்தில் கப்பலை வெட்டி, எரிபொருளை ரயிலில் ஐடஹோ மாநிலத்துக்கு அனுப்பிவிட்டு, உலைப் பகுதியை மட்டும் படகிலேற்றி ஹான்ஃபோர்ட் அணுக்கழிவு வளாகத்தில் பெரிய பள்ளத்தில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். நூற்றுக்கும் மேல் அங்கே இருக்கின்றன. அழகான காட்சி இல்லைதான், ஆனால் கட்டும்போதே கழிப்பதற்கும் வழி வேண்டும் என்பது அவர்களுக்காவது உறைத்திருக்கிறது.

பாரோவில் இப்போது ஏவுகணை சுமக்கும் புதிய நீர்மூழ்கி ஒன்று தயாராகிறது. அதன் பெயரும் ட்ரெட்நாட். பழைய ட்ரெட்நாட் இன்னும் ரோசைத்தில்தான் மிதக்கிறது.