"அது அப்படித்தான் சார் இருக்கும்"

மூன்று சிலிண்டர் கார் வைத்திருப்பவர்கள் சர்வீஸ் சென்டரில் காலம் காலமாகக் கேட்கும் பதில் இது. சிக்னலில் ஏசியோடு நின்றால் ஸ்டீயரிங் நடுங்குகிறது, கதவுப் பையில் கிடக்கும் சில்லறை கிலுகிலுக்கிறது. கம்ப்ரஸர் ஓடத் தொடங்கும்போது கியர் ராடு வரைக்கும் ஓர் உதறல். மூன்று பிஸ்டன் என்றால் இன்ஜினின் இரு முனையும் மாறி மாறி ஆடத்தான் பார்க்கும். அடக்குவதற்கு பேலன்ஸர் ஷாஃப்ட் என்று ஒன்று உண்டு. செலவு என்று பல சின்னக் கார்களில் அதை வைப்பதில்லை. சரி, இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டையாவது பாருங்களேன் என்றால், பானெட்டைத் தூக்கிக் காதைச் சாய்த்துவிட்டு மறுபடி அதே பதில்.

சத்தம் போனால் போகிறது, மைலேஜாவது தருகிறதா? விளம்பரத்தில் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் என்றெல்லாம் போடுகிறார்கள். அது ஆய்வகத்தில் உருளைகள் மேல் ஓட்டி எடுத்த கணக்கு. சாயங்காலம் ஆறு மணிக்கு ஏசி போட்டுக்கொண்டு சென்னை கத்திப்பாரா பக்கம் வந்து 12 எடுத்துக் காட்டட்டும், பார்க்கலாம்!

இப்போது பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் வேறு. அதே ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட ஆற்றல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. மைலேஜ் இறங்காமல் என்ன செய்யும்? அதற்காக பெட்ரோல் பங்கில் விலையைக் குறைத்தார்களா என்றால் அதுவும் இல்லை. சர்வீஸில் கேட்டால், "நீங்க ஓட்டுற விதம் சார்" என்கிறார்கள். ஓட்டவே விடாத ரோட்டில் என்ன விதம்?