மொட்டை மாடி எட்டுப் பேருக்குப் பொதுவாம், அதனால் முழு மானியம் கிடையாதாம்!

கடலூரில் மே மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு எங்கள் மொட்டை மாடியில் வெறுங்காலோடு நின்று பார்த்தால்தான் நான் ஏன் இப்படிக் கத்துகிறேன் என்று புரியும். வடாம் பிழிந்து போட்டால் சாயங்காலத்துக்குள் முறுக்காகிவிடும், அப்படி ஒரு வெயில். அதே வெயில் பக்கத்துத் தனி வீட்டு மாடியில் விழுந்தால், அங்கே சோலார் பேனல் போட அரசாங்கம் 78,000 ரூபாய் வரை மானியம் கொடுக்கிறது. எங்கள் எட்டு ஃபிளாட் மாடியில் விழுந்தால் மட்டும் அது வேறு வெயிலாம்.

பண்ருட்டியில் என் மச்சான் தன் வீட்டு மாடியில் 3 கிலோவாட் போட்டிருக்கிறார். 2024 பிப்ரவரியில் ஆரம்பித்தார்களே, பிரதமரின் சூர்ய கர் திட்டம், அதில்தான். முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000. இப்போது ஒவ்வொரு கரண்ட் பில் வரும்போதும் எனக்குப் போன் போட்டு அதை வாசித்துக் காட்டுவதுதான் அவருக்கு வேலை. போகட்டும், நல்லா இருக்கட்டும்.

எங்களுக்கு என்ன? அடுக்குமாடிச் சங்கம் என்றால் கிலோவாட்டுக்கு 18,000தான், அதுவும் பொதுப் பயன்பாட்டுக்கு மட்டும், அதாவது லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு லைட். அதற்கு 5 கிலோவாட் தாராளம். மானியம் 90,000. எட்டால் வகுத்துப் பாருங்கள், வீட்டுக்கு 11,250. மச்சானுக்கு 78,000, எனக்கு 11,250! அந்த மின்சாரமும் என் வீட்டு ஃபேனுக்கு வராது, லிஃப்டுக்குத்தான். (பொது மீட்டருக்கு 2022இல் யூனிட் 8 ரூபாய் என்று ஏற்றிவிட்டு, அடுத்த வருஷம் சின்னக் குடியிருப்புகளுக்கு மட்டும் இறக்கினார்கள். லிஃப்ட் இருந்தால் அந்தச் சலுகையும் கிடையாது. மூன்றாவது மாடியில் இருக்கும் எழுபது வயதுப் பாட்டி படியேறி வரட்டும் என்கிறார்களா?)

விசாரிக்கலாம் என்று ஒரு அலுவலகத்துக்கு மூன்று தடவை நடந்தேன். பெயரெல்லாம் வேண்டாம். கவுண்டரில் இருந்தவர், "மாடி யார் பேர்ல சார்?" என்றார். எட்டுப் பேர் பேரிலும் என்றேன். "அப்ப மத்த ஏழு பேர்கிட்ட ஆட்சேபணை இல்லைன்னு எழுதி வாங்கி உங்க பேர்ல மட்டும் போட்டுக்கோங்க." சரி சார், அப்புறம் அந்த ஏழு பேர்? அவர்களும் இதே மாதிரி தனித்தனியாகப் போட வேண்டுமாம். எட்டு இன்வெர்ட்டர், எட்டு நெட் மீட்டர் (நாம் எடுத்த கரண்டையும் திருப்பிக் கொடுத்த கரண்டையும் கணக்குப் பார்ப்பது), சுவரெல்லாம் எட்டு ஒயர். கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி வேண்டும், வீட்டுக்கு 3 கிலோவாட் என்றால் ஆக மொத்தம் 2,400 சதுர அடி. தண்ணீர்த் தொட்டியும் லிஃப்ட் ரூமும் அதன் நிழலும் போக எங்கள் மாடியில் அவ்வளவு இடமே இல்லை. முந்திக்கொள்ளும் நாலு வீட்டுக்கு வெளிச்சம், மீதி நாலு வீட்டுக்குத் துணி காயப்போடக்கூட இடம் கிடையாது.

இதற்கு வழியே இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு போயிருப்பேன். மாடியில் ஒரே அமைப்பாகப் போட்டு, அதில் வரும் யூனிட்டைப் பங்கு பிரித்து எட்டு வீட்டு பில்லிலும் கழிக்கலாம். விர்ச்சுவல் நெட் மீட்டரிங் என்று பெயர். டெல்லியில் 2019லேயே இதற்கு விதிமுறை போட்டுவிட்டார்கள். சூர்ய கர் வழிகாட்டுதலிலும் இந்த முறைக்கு மானியம் உண்டு என்று இருக்கிறது. அச்சடித்துக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அதெல்லாம் நம்ம ஊருக்கு இல்ல சார்" என்றார். நெய்வேலியில் பூமியைத் தோண்டி நாட்டுக்கே கரண்ட் கொடுக்கிற மாவட்டம் சார் இது!

வரிக்கு வாருங்கள், அங்கேதான் வயிறு எரிகிறது. கம்பெனி வைத்திருப்பவர் கூரையில் பேனல் போட்டால் வருஷத்துக்கு அதன் மதிப்பில் 40 சதவீதத்தைத் தேய்மானம் என்று வரி கட்டும் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். அதைத் தப்பென்று சொல்லவில்லை. ஆனால் மாதச் சம்பளத்தில் வரி பிடித்தது போக மிச்சத்தில் சேர்ந்து போட நினைக்கிற எட்டுக் குடும்பம் எதில் கழிப்பது? பேனலுக்கு ஜிஎஸ்டியை 2025 செப்டம்பரில் 12இலிருந்து 5 ஆக்கினார்கள், நன்றி. எங்களுக்கு வந்த வரிச்சலுகை அது ஒன்றுதான்.

இதையெல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். முதல் மாடி அண்ணன் கை தூக்கினார். சரி, ஒருத்தராவது ஆதரவு என்று நினைத்தேன். "தானே புயல் மாதிரி ஒண்ணு வந்தா பேனல் பறந்து என் கார் மேல விழாதா தம்பி?"