சமூகவியல் இரவல் பாடமா?

கிளிநொச்சி, முல்லைத்தீவு உயர்தர மாணவர்களிடையே பகிரப்படும் ஒரு வட்ஸ்அப் செய்தி, சமூகவியல் என்பது தனக்கென முறையேதும் இல்லாத, பொருளியலிலும் அரசறிவியலிலும் இரவல் வாங்கிய சமூகசேவைப் படிப்பு என்கிறது. இது தவறு. சமூகசேவை ஒரு பணி. சமூகவியலோ மனித உறவுகளையும் அவற்றை நிலைநிறுத்தும் நியமங்களையும் ஆராயும் அறிவுத்துறை.

வன்னியில் பெண்களுக்குக் குழுக்களாக வழங்கப்படும் சிறுதொகைக் கடனான நுண்கடனையே எடுத்துக்கொள்வோம். பொருளியல் வட்டியையும் வருமானத்தையும் கணக்கிடும். அரசறிவியல் சட்டத்தையும் அரசின் கொள்கையையும் நோக்கும். உளவியல் கடனாளியின் மனவழுத்தத்தைக் கவனிக்கும். சமூகவியலாளரோ, ஒருவர் தவணை தவறினால் குழுவிலுள்ள மற்றப் பெண்கள் பொறுப்பேற்க வேண்டியிருக்கும்போது, அயலவர், உறவினர் என்ற பிணைப்பே எவ்வாறு கடனுக்கான ஈட்டுப்பொருளாக மாறுகிறது, யாருடைய மானம் பணயமாகிறது, கணவரை இழந்த பெண்ணை ஊரின் பார்வை ஏன் கூடுதலாக அழுத்துகிறது என்று கேட்பார். வட்டிவீதத்தை எத்தனை முறை கூட்டிக் கழித்தாலும் இக்கேள்விகளுக்கு விடை கிடைக்காது.

முறை இல்லை என்பதும் பொருந்தாது. பெரும்பாலும் தனிமனிதத் துயரமாகக் கருதப்படும் தற்கொலையின் வீதம், சமயக் குழு, குடும்ப நிலை என்பவற்றுக்கேற்ப வேறுபடுவதை பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கைம் 1897இலேயே புள்ளிவிபரங்களை ஒப்பிட்டுக் காட்டினார். துறைகளின் எல்லைகள் சில இடங்களில் கலப்பது உண்மைதான். குறிப்பாக மானிடவியலுடனான எல்லை மிக மெல்லியது, ஒன்றின் களஆய்வு முறையை மற்றது தாராளமாகவே எடுத்தாள்கிறது.