நாலு 'ஒரிஜினல்', ஒரே கீறல்

ஒரு பழைய சினிமாப் பாட்டு. அதன் முதல் சரணத்தில் இரண்டாவது வரி முடிந்து பாடகி மூச்சு வாங்குகிற இடத்தில் 'டிக்' என்று ஒரு கீறல் சத்தம் வரும். சின்னதுதான். ஆனால் 'ஒரிஜினல் ரெக்கார்டு' என்று ஒருத்தர் கொடுத்த பிரதியிலும் அந்த இடத்தில் அந்த டிக், 'ஹெச்டி' என்று இன்னொருத்தர் கொடுத்ததிலும் அதே டிக், 'ஸ்டீரியோ'விலும் அதே டிக், 'ஹை-ரெஸ்' என்று பெருமையடித்துக்கொண்டு வந்த நூறு எம்பி கோப்பிலும் அதே டிக். ஏங்க, நாலு பேர் வீட்டு ரெக்கார்டிலும் பார்த்துப் பார்த்து ஒரே இடத்தில்தான் கீறல் விழுமா? எவரோ ஒருவர் எப்போதோ ஒரே ஒரு இசைத்தட்டை ஒரே ஒரு தடவை ஓடவிட்டு எம்பி3 ஆக்கியிருக்கிறார். மற்றவர்கள் எல்லாரும் அதை எடுத்துப் பவுடர் பூசி, "நம்ம கலெக்‌ஷன்" என்று சுற்றுக்கு விட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் கதை.

படம் ஓடவில்லை. படச்சுருளும் எங்கேயும் இல்லை என்கிறார்கள். மிச்சம் இருப்பது பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே பாட்டு உள்ள ஏழு அங்குலத் தட்டு, 45 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 45 சுற்று), மோனோ (ஒற்றைச் சேனல்). பாட்டின் பேரை இங்கே சொல்லப் போவதில்லை, சொன்னால் நாளைக்கே ஐந்தாவது 'ஒரிஜினல்' கிளம்பிவிடும்.

குடியாத்தம் பக்கம் ஒரு காலத்தில் மைக் செட் வைத்திருந்த பெரியவர் ஒருவரிடம் அந்தத் தட்டு இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, கெங்கையம்மன் திருவிழா என்று குழாய் ஸ்பீக்கர் கட்டி ஓட்டி ஓட்டி, கனமான ஊசி உழுது உழுது, பின்பாதி முழுக்க நரநரவென்று ஆகிவிட்டது. அதை வைத்து நல்ல பிரதி எடுக்க முடியாது. ஆனால் பல்லவியும் முதல் சரணமும் தெளிவாக இருக்கிறது, அதில் நான் சொன்ன டிக் இல்லவே இல்லை. அவருக்கு அந்த 'ஸ்டீரியோ' பிரதியைப் போட்டுக் காட்டினேன். பல்லவி முடியும் முன்பே கையைக் காட்டி நிறுத்தச் சொல்லிவிட்டார். "இன்னா நைனா இது, அரைக் கட்டை ஏத்தி வெச்சிருக்கானுங்க? அந்தம்மா இவ்ளோ மேல பாடலையே."

அளந்து பார்த்தால் பெரியவர் காதுதான் சரி. தட்டில் 3 நிமிடம் 10 விநாடி ஓடுகிற பாட்டு இந்தப் பிரதியில் 2 நிமிடம் 59 விநாடியில் முடிந்துவிடுகிறது. ஏறக்குறைய 6 சதவீதம் வேகம் கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறும். நடுவில் எங்கோ ஒரு கேசட் டெக்கில் ஏறி இறங்கி வந்திருக்க வேண்டும், அதன் மோட்டார் வேகத்தை யாரும் பார்க்கவில்லை. வேகம் பார்ப்பது என்ன பெரிய வித்தையா? வட்டமாகக் கோடு போட்ட ஸ்ட்ரோப் அட்டை என்று ஒன்று உண்டு, காகிதத்தில் அச்சடித்துக்கொண்டால்கூடப் போதும். நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பழைய சோக் வைத்த டியூப் லைட் விநாடிக்கு நூறு தடவை சிமிட்டும், அந்த வெளிச்சத்தில் 133 கோடு உள்ள வட்டம் நகராமல் நின்றால் தட்டு 45-இல் சுற்றுகிறது. முடிந்தது வேலை. இன்னொரு கூத்து, அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவந்த பழைய பிளேயரை ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரில் மாட்டிவிட்டு "ஃபாரின் செட்டில் எடுத்தது" என்று சொல்லிக்கொள்வது. அந்த ஊர் கரண்ட் 60 ஹெர்ட்ஸ், டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், நம்ம 50-ஐ 60 ஆக்காது. 60-க்குச் செய்த ஏசி மோட்டார் இங்கே 45-க்குப் பதில் 37.5-இல் சுற்றும், பாடகியின் குரல் அவருடைய தாத்தா குரலாகிவிடும்.

'ஹெச்டி'க்கு வருவோம். தட்டின் ஆரம்பத்தில் பாட்டு தொடங்கும் முன் கேட்கும் இரைச்சலை மாதிரியாக எடுத்து, பாட்டு முழுக்க அதைக் கழிக்கச் சொன்னால் மென்பொருள் கழித்துவிடும். ஆடாசிட்டி என்ற மென்பொருளிலேயே உண்டு, காசுகூட வேண்டாம். கொஞ்சமாகப் போட்டால் பரவாயில்லை. இவர்கள் கடைசி வரைக்கும் இழுத்து விடுகிறார்கள். இரைச்சல் இருக்கும் அதே உயரத்தில்தான் ச, ஷ எல்லாம் உட்கார்ந்திருக்கிறது, புல்லாங்குழலின் காற்று இருக்கிறது, தபேலாவில் விரல் படும் அந்தத் தெறிப்பு இருக்கிறது. எல்லாம் சேர்ந்து போய்விடும். மிச்சம் இருப்பது தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்து பாடுகிற ஒரு பெண். இதைக் கேட்டுவிட்டு வேலூர் தோட்டப்பாளையத்து நண்பர் ஒருவர் "சூப்பர் க்ளியர்பா" என்கிறார், அவரோடு டீக்கடையில் சண்டை போட்டு எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

எனக்கு நிஜமாகவே ரத்தம் கொதிப்பது அந்த நூறு எம்பிக்காரரை நினைத்தால்தான். 128 கேபிபிஎஸ் எம்பி3-இல் மூன்று நிமிடப் பாட்டு மூன்று எம்பிக்குள் அடங்கிவிடும். அதையே எடுத்து 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் (WAV) என்று மாற்றிவிட்டால் கோப்பு ஊதிப் பெருக்கும், உள்ளே புதிதாக ஒரு துளியும் வராது. ஒரு டம்ளர் பாலில் அண்டா நிறையத் தண்ணீர் ஊற்றிவிட்டு ஓர் அண்டா பால் என்று விற்பதுதான் இது. எந்த உயரத்தில் எவ்வளவு சத்தம் என்று படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமில் திறந்து பாருங்கள், 16,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சுவர் வைத்ததுபோல் கருப்பாக நிற்கும். கேட்டால், "பழைய தட்டில் அதற்கு மேல் என்ன சார் இருக்கப் போகுது" என்று மடக்குகிறார். பாட்டு இல்லாமல் இருக்கலாம். ஊசியின் சரசரப்பு எங்கே போச்சு? அதுவும் சரியாக 16,000-இல் பிரேக் போட்டு நின்றுகொண்டதா?

இத்தனைக்கும் நல்லபடி எடுப்பதற்கு என்ன வேண்டும்? மோனோ தட்டில் பாட்டு முழுக்கப் பள்ளத்தின் பக்கவாட்டு அசைவில்தான் இருக்கிறது, ஊசி மேலும் கீழும் ஆடுவது வெறும் தூசியும் தேய்மானமும்தான். ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் (ஊசி பொருத்திய தலை) ஓட்டி இரண்டு சேனலையும் கூட்டினால் அந்த மேல்கீழ்ச் சத்தம் தானாக அடிபட்டுப்போகும், எந்த ஏஐ கருவியும் வேண்டாம். இவர்கள் செய்வது நேர் எதிர். ஒரு சேனலை இழையளவு தாமதப்படுத்தி 'ஸ்டீரியோ' என்கிறார்கள். ஹெட்போனில் அகலமாகத் தெரியும், ஃபோனின் ஒற்றை ஸ்பீக்கரில் இரண்டும் ஒன்று சேரும்போது ஒன்றை ஒன்று தின்று குரல் குடத்துக்குள் போய்விடும். இன்னொரு கூட்டம் ஊசியின் மெல்லிய சிக்னலைத் தூக்கிச் சரிசெய்து தரும் ஃபோனோ ப்ரீ-ஆம்ப் என்ற ஒன்றே இல்லாமல் மேக்னெடிக் கார்ட்ரிட்ஜ் ஒயரை நேராகக் கம்ப்யூட்டர் மைக் ஓட்டையில் சொருகுகிறது. தட்டு வெட்டும்போதே அடிச்சத்தத்தைக் குறைத்து மேல்சத்தத்தைத் தூக்கித்தான் வெட்டுவார்கள், அமெரிக்க ரெக்கார்டு கம்பெனிகளின் சங்கம் வகுத்த ஆர்ஐஏஏ கணக்கு, 1954-இலிருந்து இருக்கிறது. கேட்கும்போது அதைத் திருப்பிப் போட வேண்டும். போடாவிட்டால் தபேலாவில் டக்காவின் அடிச்சத்தமே இருக்காது, வயலின் தகர டப்பா மாதிரி கீச்சிடும். அதைத் "துல்லியம்" என்று பாராட்டவும் ஆள் இருக்கிறது.

அப்புறம் அந்த முத்திரை. இடையிசையில் கிளாரினெட் தனியாக வாசிக்கிற அழகான இடம், அங்கே ஒரு ஆண் குரல் தன் பேரைச் சொல்கிறது. அய்யா, இது உங்கள் பாட்டா? நீங்கள் பாடினீர்களா, தட்டு வெட்டினீர்களா, குறைந்தபட்சம் உங்கள் கையால் ஊசியையாவது வைத்தீர்களா?

எனக்குத் தேவை ஒன்றே ஒன்று. தட்டை டிஸ்டில்ட் வாட்டரில் கழுவி, சரியான வேகத்தில், நல்ல ஊசியில் ஓட்டி, வந்ததை வந்தபடி, கரகரப்போடு கொடுங்கள். லேபிளை ஒரு படம் எடுங்கள், உள்வட்டத்தில் பொறித்திருக்கும், தட்டை அடையாளம் காட்டும் மேட்ரிக்ஸ் எண்ணை எழுதுங்கள். சுத்தம் செய்வதை வேண்டியவர்கள் வேண்டியபடி செய்துகொள்வார்கள், கழித்ததைத் திரும்பச் சேர்க்க மட்டும் யாராலும் முடியாது.

அவசரம் ஏன் என்றால், வேலூர் மாவட்டத்து மே மாத வெயில் எல்லாருக்கும் தெரியும். பெரியவர் வீட்டில் சிமென்ட் ஷீட் கூரைக்குக் கீழே பரணில் கிடந்த தட்டுகளில் பாதி அப்பளமாக வளைந்துவிட்டது.

ஆரணியில் ஒருவரிடம் இதே தட்டு கீறலே இல்லாமல் உறையோடு இருக்கிறது. கேள்விப்பட்டதும் பஸ் பிடித்துப் போனேன். நல்ல மனிதர், மோர் எல்லாம் கொடுத்தார். தட்டை வீட்டை விட்டு வெளியே தர வேண்டாம், நானே பிளேயரைத் தூக்கிக்கொண்டு வருகிறேன், உங்கள் எதிரிலேயே ஒரு தடவை ஓட்டிப் பதிவு செய்துகொள்கிறேன் என்றேன். அவர் ஃபோனை எடுத்து அந்த 'ஹெச்டி'யைப் போட்டுக் காட்டி, டிக் சத்தத்தையும் தாண்டிப் போகவிட்டு, "அதான் க்ளியரா வந்துடுச்சே தம்பி, மறுபடி எதுக்கு ரெக்கார்டைப் போட்டுத் தேய்க்கணும்?" என்கிறார்.