மினசோட்டா தணிக்கையாளர்: ஓட்டு மட்டும் காப்பாற்றாது

அமெரிக்காவில் ஏறக்குறைய பாதி மாநிலங்களில் கணக்குத் தணிக்கையாளரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம்மூர் சி.ஏ.ஜி. போல நியமனப் பதவி அல்ல. அதனால் அவரை யாரும் அசைக்க முடியாது என்று நினைப்பவர்கள் மினசோட்டாவைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1858இல் மாநிலம் உருவானபோதே இந்தப் பதவியும் வந்தது. ஆனால் அரசியல் சாசனம் பதவியைச் சொல்கிறதே தவிர, தணிக்கையில் அவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. அதைச் சட்டமன்றம்தான் எழுதுகிறது, வேண்டும்போது மாற்றியும் எழுதுகிறது. 1973இல் மாநிலத் துறைகளின் தணிக்கை, சட்டமன்றமே நியமிக்கும் இன்னோர் அதிகாரியிடம் போனது. தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு உள்ளாட்சிகள் வந்தன.

உள்ளாட்சித் தணிக்கையைச் சின்ன வேலை என்று எண்ண வேண்டாம். சிற்றூர்களில் செக் எழுதுவது, பணம் கட்டுவது, மாதக் கடைசியில் வங்கிக் கணக்கோடு சரிபார்ப்பது எல்லாம் ஒரே கிளார்க். இன்னோர் ஆள் வைக்க ஊருக்கு வசதியில்லை என்றால், வங்கி அறிக்கையைக் கவுன்சில் உறுப்பினர் ஒருவராவது மாதாமாதம் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அதுவும் நடக்காத இடத்தில்தான் பணம் சத்தமில்லாமல் போகிறது. வங்கி இருப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. நடப்புக் கணக்கில் 6,50,000 டாலர் இருந்தால் வங்கி திவாலானால் 2,50,000க்குத்தான் மத்திய அரசின் காப்பீடு. மீதி 4,00,000க்கு, பொதுவாக 110 சதவீதம், அதாவது 4,40,000 டாலர் மதிப்புள்ள ஈட்டை வங்கி தர வேண்டும். சொத்து வரி வந்து விழும் நாட்களில் இருப்பு எகிறும், ஈட்டைக் கூட்டச் சொல்ல மறந்துவிடுவார்கள். திருட்டுக்கான ஆதாரம் கண்ணில் பட்டால் ஊழியர் உடனே தணிக்கையாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதும் சட்டம்.

இப்படிப்பட்ட வேலையைத்தான் 2015இல் சட்டமன்றம் தளர்த்தியது. மாநிலத்தின் 87 கவுன்டிகளில் (நம்மூர் மாவட்டம் போன்றவை) எதுவும் விரும்பினால் தனியார் ஆடிட்டரை வைத்துக்கொள்ளலாம் என்றது. அந்த மசோதாவில் கையெழுத்திட்ட ஆளுநர் மார்க் டேட்டன், 1991 முதல் 1995 வரை இதே தணிக்கையாளர் பதவியில் இருந்தவர்! அந்தப் பிரிவு அவருக்கே பிடிக்கவில்லை. நீக்கச் சொல்லிப் பார்த்தார், நடக்கவில்லை. அப்போதைய தணிக்கையாளர் ரெபெக்கா ஓட்டோ வழக்குப் போட்டார். 1986இல் மாநிலப் பொருளாளரின் முக்கிய வேலைகளைப் பிடுங்கியது செல்லாது என்று மினசோட்டா உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது அவருக்குப் பலம். ஆனாலும் 2018இல் அதே நீதிமன்றத்தில் தோற்றார். தனியார் தணிக்கையை மேற்பார்க்கவும் தேவைப்பட்டால் கூடுதலாக ஆராயவும் மாநிலத் தணிக்கையாளருக்கு அதிகாரம் இருக்கிறதே என்றது நீதிமன்றம்.

இந்தத் தீர்ப்பு எனக்கு ஏற்புடையதாக இல்லை. தனியார் ஆடிட்டர்கள் திறமையற்றவர்கள் என்று சொல்லவில்லை. அவர்களும் மாநிலத் தணிக்கையாளர் வெளியிடும் அதே சட்ட இணக்க வழிகாட்டியைத்தான் பின்பற்றுகிறார்கள். ஆனால் தனியார் ஆடிட்டரைத் தேர்ந்தெடுப்பதும், கூலி கொடுப்பதும், அடுத்த முறை வேண்டுமா என்று தீர்மானிப்பதும் தணிக்கைக்கு உட்படும் கவுன்டியே. மேற்பார்வைக்கு ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும், அந்த நிதி ஒதுக்கீடும் சட்டமன்றத்தின் கையில்.

உள்ளாட்சித் தணிக்கை மாநிலத் தணிக்கையாளரின் கடமை என்று சாசனத்திலேயே எழுத வேண்டும். லேசான வேலை இல்லை. திருத்தத்தை முதலில் சட்டமன்றம் நிறைவேற்ற வேண்டும். பிறகு அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்ட அனைவரிலும் பெரும்பான்மை வேண்டும். அந்தக் கேள்வியை நிரப்பாமல் விட்டாலும் எதிர் ஓட்டுதான். ஆகவே மினசோட்டாவில் ஓட்டுப் போடுபவர்களே, அடுத்த தணிக்கையாளர் வேட்பாளரிடம் கேட்பதற்கு முன், உங்கள் தொகுதிச் சட்டமன்ற வேட்பாளரிடம் கேளுங்கள்: இந்தத் திருத்தத்தை ஆதரிப்பீர்களா?